கற்பிட்டியில் வரிகள் போன கதை

2020 ஜனவரி கடைசியில் கொழும்பிலிருந்து மகன் தொலைபேசி எடுத்தான். "அப்பா, இந்த மாசம் சம்பளத்தில வரி வெட்டல்ல" என்றான். குரலில் அப்படியொரு சந்தோசம். தனியார் நிறுவனமொன்றில் அவனுக்கு மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா. முதல் ஒரு இலட்சத்துக்கு வரி கிடையாது. மிச்சம் 50,000 ரூபாவுக்கு 4 சதவீதம். அப்படி மாதாமாதம் 2,000 ரூபா கைக்கு வருமுன்பே போய்க்கொண்டிருந்தது. கோட்டாபய ராஜபக்ச ஆட்சிக்கு வந்த கையோடு, 'உழைக்கும்போதே செலுத்தும் வரி' என்ற அந்தப் பிடிப்பை ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். ஆண்டுக்கு 30 இலட்சம் வரை உழைப்பவருக்கு வருமான வரியே இல்லை என்றானது. வற் என்று நாம் சொல்லும் பெறுமதி சேர் வரி அதற்கு முந்தின மாதமே 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

"அந்தக் காசு இனி எங்க இருந்து வரும் மகன்?" என்று கேட்டேன். "அத அரசாங்கம் பாத்துக்கொள்ளும்" என்றான். கற்பிட்டியில் 33 வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். ஒரு பக்கத்தில் கழித்ததை மறுபக்கத்திலும் கழிக்காமல் சமன்பாடு நிற்காது என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அன்று இரவு நித்திரை வரவில்லை. எழுந்து அப்பாவின் கொப்பிகளை எடுத்தேன்.

அப்பா வலைச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியாரிடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கரைவலை இழுத்து, மீனை மணலில் கொட்டி, ஏலம் போட்டு வந்த காசை அன்றன்றே எழுதிவைப்பார். 1950களிலும் 60களிலும் எழுதிய ஒன்பது கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. முதலில் செலவு. அடுத்தது கோயில் பங்கு. மிச்சத்தில் பாதி சம்மாட்டியாருக்கு, பாதி வலை இழுத்தவர்களுக்கு. செலவு என்ற தலைப்பின் கீழ் நூல், கயிறு, மண்ணெண்ணெய் எல்லாம் வரும். கருவாடு போட்ட நாட்களில் எல்லாவற்றுக்கும் மேலே உப்பு வரும். மூன்று அந்தர் மீனுக்கு ஒரு அந்தர் உப்பு என்பது அப்பாவின் கணக்கு.

சின்ன வயதில் எனக்குப் புரியாமல் இருந்தது அந்தக் கோயில் பங்குதான். நேர்ச்சை என்றால் மனம்போலக் கொடுப்பது. இதுவோ வரியைப் போல, பங்கு பிரிக்க முன்பே எடுபடுகிறது. ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "முந்தி அது ராசாவுக்குப் போனது, பிறகு அன்னம்மாளுக்குப் போகுது" என்றார். தலவிலக் கோயிலின் புனித அன்னம்மாளைத்தான் அப்படிச் சொன்னார். அதற்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது என்பதை ஆசிரியனான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்தக் கரையில் மீனுக்கு வரி பிடித்தவர்கள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிறகு இங்கிலீசுக்காரர். அரசு நேரே வந்து பிடிப்பதில்லை. வரி பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடும். கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரர். அவருடைய ஆள் கரையில் நின்று பங்கை எடுக்கும்வரை மீனில் கைவைக்க முடியாது. பிடித்ததில் நாலில் ஒரு பங்கு வரை போன காலமும் உண்டு. வெயில் ஏற ஏற மீனின் விலை இறங்கும். அந்த ஆள் வர ஒரு மணித்தியாலம் பிந்தினால் போவது எவ்வளவு என்பதைக் கரையில் நின்றவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பையப்பையக் குறைந்துவந்த அந்த வரி, தேசாதிபதி ஸ்டுவர்ட் மக்கென்சியின் காலத்தில், 1840 அளவில், முற்றாக நீங்கியது. வரி நீங்கிய பிறகும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் அந்தப் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, கோயிலுக்குக் கொடுத்தார்கள். கொடுத்துப் பழகிய கை என்று இதைச் சிலர் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணெதிரே கட்டடமாக எழும் ஒன்றுக்குக் கொடுக்கச் சனம் பின்நிற்பதில்லை.

மீன் வரிக்கும் முன்பே போனது தென்னை வரி. 1795 நவம்பரில் இங்கிலீசுக் கொம்பனிப் படை ஒல்லாந்தரிடமிருந்து கற்பிட்டிக் கோட்டையை எடுத்தது. மறுவருடம் பெப்ரவரியில் கொழும்பும் விழுந்தது. ஆட்சி சென்னையிலிருந்து நடந்தது. ரொபர்ட் அன்ட்ரூஸ் என்ற அதிகாரி, தென்னை ஒன்றுக்கு வருடம் ஒரு பணம் என்று வரி போட்டார். ஊர்த் தலைமைக்காரரை ஒதுக்கிவிட்டு, அறவிட அக்கரையிலிருந்து அமில்தார்களைக் கொண்டுவந்தார். காய்க்கிற மரம், காய்க்காத மரம் என்று மரத்துக்குத் தெரியும், வரிக்குத் தெரியாது. 1797இல் சனம் கிளம்பியது. டி மெயுரோன் என்பவரின் தலைமையில் ஒரு குழு இருந்து விசாரித்தது. 1798இல் அந்த வரி போனது. இங்கிலீசு ஆட்சி இந்த மண்ணில் போட்ட முதல் வரிகளில் ஒன்று இரண்டு வருடம் தாண்டவில்லை. படிக்கும்போது நெஞ்சு நிமிர்ந்த இடம் அது.

ஆனால் போகாத ஒன்று இருந்தது. அது உப்பு.

புத்தளம் களப்பைச் சுற்றி வெயில் காலத்தில் தண்ணீர் வற்ற, உப்பு தானாகவே பூக்கும். கண்டி மலைநாட்டுக்கு அந்த உப்புத்தான் உயிர். புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகள் பொதிமாடுகளைத் தவளம் கட்டி, உப்பும் கருவாடும் ஏற்றிப்போய்ப் பாக்கோடு திரும்புவார்கள். கடற்கரையைப் பிடித்தவன் கண்டி அரசனின் சோற்றைப் பிடித்தவன் என்பது ஒல்லாந்தருக்கு நன்றாகத் தெரியும். 1766 உடன்படிக்கையில் கரை முழுவதையும் எழுதி வாங்கினார்கள். சிலாபம், புத்தளம் பக்கத்தில் உப்பு எடுத்துக்கொள்ளும் அனுமதியை மட்டும் கண்டியாருக்கு விட்டுவைத்தார்கள். அவரவர் களப்பில் அவரவர் எடுத்த உப்பு, பிறர் தரும் அனுமதியானது.

இங்கிலீசுக்காரர் இதைத் திறமாக நடத்தினார்கள். உப்பு அரசின் ஏகபோகம். விளைவித்தவர் அரசு சொன்ன விலைக்கு அரசுக்கே கொடுக்க வேண்டும். அரசு அதைப் பண்டசாலையில் அடைத்து, எடுத்த செலவைப்போலப் பல மடங்குக்கு விற்கும். களப்போரத்தில் தானாகப் பூத்ததைக் கைநிறைய அள்ளினாலும் குற்றம். தென்னைக்கு வரி போட்டபோது கிளம்பிய சனம் உப்புக்குக் கிளம்பவில்லை. காரணம் லேசானது. வாசலில் வந்து கேட்கிற வரி கண்ணுக்குத் தெரியும். விலைக்குள் இருக்கிற வரி தெரியாது. மீன் வரி போனதென்று கரை மகிழ்ந்திருக்கும். ஆனால் மீன் விற்காத நாளில் கருவாடு போட வேண்டும். கருவாட்டுக்கு உப்பு வேண்டும். உப்பு அரசு விலை. மூன்றுக்கு ஒன்று என்ற அப்பாவின் கணக்கை வைத்து நான் போட்டுப் பார்த்தேன். குத்தகைக்காரர் போன வழியால் பண்டசாலை திரும்பி வந்திருக்கிறது. இத்தனை கடலும் இத்தனை உப்பும் உள்ள தீவு மாலைதீவிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் கருவாட்டை இறக்கித் தின்றதற்கு, உப்பு விலைக்கும் பங்குண்டு என்றே நம்புகிறேன்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்துபோய் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ளினார். பாக்கு நீரிணைக்கு இக்கரையில் அப்படியொரு நடை நடக்கவில்லை.

மற்ற வரிகள் ஒவ்வொன்றாகப் போயின. நெல் வரியை 1892 முடிவோடு தேசாதிபதி ஹெவ்லொக் எடுத்தார். வரி கட்ட முடியாமல் வயலை ஏலத்தில் இழந்த மலைநாட்டுக் குடிகளின் துயரம் இலண்டன் வரை போய்ப் பெரிய விவாதமான பிறகே அது நடந்தது. ஆனால் இறக்குமதி அரிசிக்கான தீர்வை அப்படியே நின்றது. வயல் இல்லாத எங்கள் கரை வாங்கித் தின்றது அந்த அரிசியைத்தான். வருடத்தில் ஆறு நாள் தெரு வேலை, இல்லையென்றால் காசு என்று 1848இல் வந்த தலைவரி, கடைசியில் இரண்டு ரூபாவாக நின்றது. கட்டமாட்டேன் என்று நின்ற ஏ. ஈ. குணசிங்க போன்றவர்களின் போராட்டத்தால் 1920களில் அது ஒழிந்தது. தோட்டத் துரைக்கும் வலை இழுப்பவனுக்கும் ஒரே இரண்டு ரூபா கேட்ட வரி அது. அது ஒழிந்ததில் யாருக்கும் துக்கமில்லை.

இவ்வளவு காலமும் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருந்தது. கோப்பியிலும் தேயிலையிலும் தென்னையிலும் பெரும் செல்வம் சேர்த்தவர்களின் வருமானத்துக்கு வரி எங்கே? புத்தளம், சிலாபம் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தென்னந்தோட்டம் எழுந்தது. அந்த வருமானத்தில் ஒரு சதம் வரி இல்லை. அரசின் வருவாயில் ஒரு பெரும் பங்கு சுங்கத் தீர்வையிலிருந்து வந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது; வலை இழுப்பவனும் அவன் மனைவியும் முதன்முதலாக வாக்குப் போட்டார்கள். 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வருமான வரி வந்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம், திறைசேரி வறண்டு போயிருந்தது, அதனால் வந்தது என்பார்கள். அது மெய். ஆனால் அந்த இரண்டு வருடங்களும் அடுத்தடுத்து நிற்பதை நான் வெறும் தற்செயலாகப் பார்ப்பதில்லை. உள்ளவனிடம் வருமானத்துக்குத் தக்கதாகக் கேட்ட முதல் வரி இதுதான். அதைவிட மானமுள்ள வரி ஒன்றை நான் கண்டதில்லை. அப்பா தன் வாழ்நாளில் ஒருமுறையும் வருமான வரி கட்டியதில்லை; கட்டுமளவுக்கு உழைத்ததில்லை. ஆனால் சீனியிலும் சீலையிலும் மண்ணெண்ணெயிலும் நூலிலும் சாகும்வரை வரி கட்டினார்.

அதனால்தான் 2020இல் மகனின் சந்தோசத்தில் பங்குகொள்ள முடியவில்லை. தென்னை வரியையும் தலைவரியையும் ஒழித்ததோடு இதை ஒன்றாக வைத்துப் பேசியவர்கள் உண்டு. "வரி என்றால் வரிதானே சேர்" என்று பழைய மாணவன் ஒருவன் சந்தியில் நின்று வாதாடினான். இல்லை. அவை இல்லாதவனின் கழுத்தில் இருந்தவை. இது இருந்தவனின் சட்டைப்பையில் இருந்தது.

கணக்கு விரைவில் வந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11.6 சதவீதமாக இருந்த வரி வருமானம் 2020இல் 8.1 சதவீதமானது. கொரோனாவும் சேர்ந்தது, உல்லாசப் பயணிகள் நின்றார்கள், பழைய கடன்கள் கழுத்தை நெரித்தன, 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். எல்லாப் பழியையும் வரிக் குறைப்பின் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் தண்ணீர் ஏறும்போது வள்ளத்தின் அடிப்பலகையை நாமே கழற்றியிருந்தோம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது.

எங்கள் கரைக்கு அந்த நெருக்கடி ஓகஸ்டில் வந்தது. பைபர் படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. அதுவரை லீற்றர் 87 ரூபாவுக்குக் கிடைத்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானது. ஒருநாள் தொழிலுக்கு 25 லீற்றர் என்று வையுங்கள்: 2,175 ரூபா 8,500 ரூபாவாகிறது. கச்சான் காற்று அடங்கும் காலம்; தொழில் தொடங்க வேண்டிய நேரம். படகுகள் மணலில் கவிழ்த்தபடி கிடந்தன. என்னிடம் படித்த பொடியன் ஒருவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், தன் படகின் நிழலில் இருந்தான். "சேர், மீன் இருக்கு. போய்வரக் காசில்ல" என்றான். அவன் ஒருநாளும் வருமான வரி கட்டியவன் இல்லை. 2020இல் எடுத்த வரியில் ஒரு சதமும் அவனுக்கு மிச்சமாகவில்லை. நிரப்பும்போது மட்டும் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

2023 ஜனவரியில் சம்பள வரி திரும்பி வந்தது. அதே ஒன்றரை இலட்சத்துக்கு மகனுக்கு மாதம் 3,500 ரூபா. எடுத்ததைவிட 1,500 கூட. வற் 2024இல் 18 சதவீதமானது. அது படகின் நிழலில் இருந்தவனுக்கும் எனக்கும் ஒரே 18. 2025 ஏப்ரலில் வரிவிலக்கு எல்லையை மாதம் ஒன்றரை இலட்சமாக உயர்த்தினார்கள். மகனின் கணக்கில் மறுபடி பூச்சியம். இம்முறை மேலே உள்ளவர்களுக்கான உச்ச வீதமான 36 சதவீதம் அப்படியே நின்றது. அதனால் எனக்கு ஆறுதல். வற் இறங்கவில்லை.

அந்த நாட்களில் மகன் தொலைபேசி எடுத்தபோது வரியைப் பற்றிச் சொல்லவில்லை. "அப்பா, கொழும்பில உப்பு இல்ல, கற்பிட்டியில கிடைக்குமா?" என்று கேட்டான். மழை பிந்திப் பெய்து புத்தளத்துப் பாத்திகள் கரைந்துபோன வருடம் அது. இந்தியாவிலிருந்து கப்பலில் உப்பு வந்துகொண்டிருந்தது. கடைக்குப் போனேன். இரண்டு பைக்கற்றுக்கு மேல் தரமாட்டோம் என்றார்கள். இரண்டையும் வாங்கி, ஒன்றைக் கொழும்பு பஸ்ஸில் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து, அப்பாவின் கடைசிக் கொப்பியில் மிச்சமிருந்த வெற்றுத்தாளில் திகதி போட்டு, செலவு என்று தலைப்பிட்டு, உப்பு விலையை எழுதிவைத்தேன்.