துவரையைத் துளைக்கும் இறகு அந்துப்பூச்சி: யார் இந்த எக்ஸெலாஸ்டிஸ்?

உங்கள் வீட்டு சாம்பாரில் கரையும் துவரம்பருப்பு, வயலிலேயே பல புழுக்களிடம் தப்பித்து வந்தது. அவற்றில் ஒன்று எக்ஸெலாஸ்டிஸ் அட்டோமோசா என்ற துவரை இறகு அந்துப்பூச்சியின் புழு.

அது என்ன 'இறகு'?

இந்தப் பூச்சியின் முன்னிறக்கை இரண்டாகவும் பின்னிறக்கை மூன்றாகவும் பிளந்திருக்கும். ஓரமெல்லாம் மெல்லிய மயிர். உட்காரும்போது இறக்கைகளை மடக்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும்; பார்க்க ஆங்கில 'டி' எழுத்து மாதிரியே இருக்கும். காய்ந்த புல் துண்டு என்று நினைத்து நீங்களே கடந்து போயிருப்பீர்கள். டெரோஃபோரிடே என்ற இந்தக் குடும்பத்தில் 1,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

எக்ஸெலாஸ்டிஸ் பேரினத்தில் யாரெல்லாம்?

பத்துக்கும் மேற்பட்ட இனங்கள். பல ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. வட அமெரிக்காவில் எக்ஸெலாஸ்டிஸ் ரிங்கோசியே இருக்கிறது. பெயரிலேயே உள்ள ரிங்கோசியா, துவரைக்குச் சொந்தக்காரச் செடி. இந்திய விவசாயிக்குத் தலைவலி கொடுப்பது 1885-ல் வால்சிங்ஹாம் விவரித்த அட்டோமோசாதான். துவரை தவிர மொச்சையையும் விடாது.

என்ன செய்யும்?

தாய்ப்பூச்சி மொட்டிலும் இளங்காயிலும் முட்டைகளைத் தனித்தனியாக இடும். முட்கள், மயிர்களோடு பச்சையும் பழுப்புமாக இருக்கும் புழு, முதலில் காயின் மேல்தோலைச் சுரண்டும். பிறகு ஓட்டை போட்டு விதையைத் தின்னும். ஆனால் முழு உடம்பும் உள்ளே போகாது. கூட்டுப்புழுவாவதும் பெரும்பாலும் காயின் மேலேயேதான்.

எப்படி அடையாளம் காண்பது?

காயில் பெரிய வட்ட ஓட்டை என்றால் பச்சைக் காய்ப்புழுவைச் சந்தேகியுங்கள். சின்ன ஓட்டை, வெளியே முள்மயிர்ப் புழு என்றால் இது. புழு முழுக்க உள்ளேயே இருந்தால் காய் ஈயாக இருக்கலாம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? பச்சைக் காய்ப்புழுவின் ஆண் பூச்சிக்காக வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் இறகு அந்துப்பூச்சி சிக்காது. 'பொறி காலியா இருக்கு, பிரச்சினை இல்லை' என்று நினைத்தால் காய் போய்விடும். பூக்கும் பருவத்திலிருந்தே செடியை உலுக்கிப் புழுவை எண்ணுவதும், 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் பரிந்துரைக்கப்படும் வழிகள்.

நமக்கென்ன?

உலகில் அதிகம் துவரை விளைவிக்கும் நாடு இந்தியா. ஆனாலும் மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வாங்குகிறோம். 2021-22-ல் சுமார் 42 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி, 2022-23-ல் சுமார் 33 லட்சம் டன்னாகச் சரிந்தது. அந்தச் சரிவுக்கு மழையும் வாடல் நோயும் காரணமாகச் சொல்லப்பட்டன. பழியை இந்தப் பூச்சி மேல் போட முடியாது. ஆனால் கையிருப்பு இவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது, காய்க்குள் போகும் ஒவ்வொரு விதையும் கணக்கில் வரும். விவசாயிக்கு அது வருமானம், உங்களுக்கு மளிகை பில்.