பூனைக்காலியும் பழ ஈயும்

பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முக்கிய மருந்து லெவோடோபா. அது மருந்து என்று உலகில் யாருக்கும் தெரியாத காலத்திலேயே, நம்ம சென்னையில் ஒரு விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

அந்த விதை பூனைக்காலி. காயின் மேலிருக்கும் சுணை பட்டால் போதும், அரிப்பு தாங்காது. செம்மேடு பக்கம் மூலிகை தேடி வருகிறவர்களுக்குப் புதிய பெயர் அல்ல. நம் வைத்தியர்கள் இந்த விதையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். கை கால் நடுங்கும் நோயை ஆயுர்வேதம் கம்பவாதம் என்கிறது.

1937-ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதைக் காட்டி, 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். (1913-லேயே குகன்ஹைம் என்பவர் வேறொரு அவரை இனத்தில் இதைக் கண்டிருந்தார்.) அப்போது அது வெறும் வேதியியல் செய்தி. மருந்து கையில் இருந்தது, நோயின் காரணம்தான் கையில் இல்லை!

1957-ல் ஸ்வீடனில் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். இதுவும் நம் நாட்டுச் சர்ப்பகந்தியில் கிடைப்பதுதான். அசையாமல் கிடந்த முயல்கள் டோபா கொடுத்ததும் எழுந்தன. 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் அளவை மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தபோதுதான் நோயாளிகள் நன்றாகத் தேறினார்கள். சென்னைக் கட்டுரை வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

சரி, இதில் ஈ எங்கே வந்தது? அழுகிய வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தச் சின்ன ஈதான். 2000-ல் ஃபீனி, பெண்டர் என்ற இருவர், பார்க்கின்சனோடு தொடர்புள்ள மனித மரபணுவை இந்த ஈயில் புகுத்தினார்கள். டோபமின் செல்கள் அழிந்தன. சோதனை ரொம்ப எளிது: குழாயைத் தட்டினால் நல்ல ஈ மேலே ஏறும், நோயுற்ற ஈ திணறும். ஆயுளும் சில வாரங்கள்தான் என்பதால் முடிவு சீக்கிரம் தெரிந்துவிடும்.

2014-ல் இத்தாலிய ஆய்வாளர்கள், பிங்க்1 மரபணு கெட்ட ஈக்களுக்குப் பூனைக்காலிச் சாற்றை உணவில் கலந்து கொடுத்தார்கள். ஈக்கள் முன்னைவிட நன்றாக ஏறின, அதிக நாள் வாழ்ந்தன. அந்தச் சாற்றில் உள்ள அளவு லெவோடோபாவை மட்டும் தனியாகக் கொடுத்தபோது பலன் குறைவு. அப்படியானால் விதையில் வேறு ஏதோ துணை செய்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். ஈ மனிதன் அல்ல. விதைக்கு விதை லெவோடோபா அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் பொடியும் சேர்த்தால் அளவு மிஞ்சி, குமட்டலும் தானாகக் கை கால் ஆடுவதும் வரலாம்.