தங்கவயலும் பொட்டிபுரமும்

கோலார் தங்கவயல் என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவன, மண்மேடுகளும், வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களை விட்டுக் குடும்பம் குடும்பமாய் அங்குக் குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்புமே ஆகும். அவ்வூரில் பிறந்து, பின்னர்ப் பிழைப்பு நாடி வேறு நகரங்களுக்குப் பெயர்ந்தோர் நம் சங்கத்திலும் உளர். அச்சுரங்கத்தின் இருளில் உலக அறிவியல் வரலாற்றின் ஓர் ஏடு எழுதப்பட்டதை அவர்தம் பிள்ளைகளுள்ளும் பலர் அறியார்.

நியூட்ரினோ என்பது மின்னூட்டமற்ற நுண்துகள். கதிரவனிடமிருந்து மட்டும், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம்மை ஊடுருவிச் செல்கின்றன. நாம் அதனை உணர்வதேயில்லை. இத்துகளைக் கண்டறிய, வானிலிருந்து பொழியும் பிற கதிர்கள் எட்டாத ஆழம் தேவை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோர் 1950களிலேயே கருவிகளுடன் தங்கவயலுக்குள் இறங்கினர். 1965இல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களுடன் கூடி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பதிவு செய்தனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் அதே ஆண்டில் அவ்வாறே கண்டனர். இரு குழுக்களின் அறிக்கைகளும் 1965 ஆகஸ்டில் அச்சேறின.

அன்று எதிர்ப்பு ஏதும் எழவில்லை. எழுவதற்குக் காரணமும் இல்லை. குழி முன்னரே இருந்தது. தோண்டியவர்கள் பொன்னுக்காகத் தோண்டினார்கள். பாறை வெடித்துச் சரிந்து மாண்டவர்களும் பொன்னுக்காகவே மாண்டார்கள். அறிஞர்தம் கருவிகள் அந்த ஊரிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. தொழிலாளரிடம் இசைவு கேட்டவரும் இல்லை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் எந்திரங்கள் நின்றன. சுரங்க வழிகளில் நீர் நிறைந்தது. இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு வேறு மலை தேட வேண்டியதாயிற்று. நீலகிரியின் சிங்காரா, முதுமலைக் காட்டையும் யானைகளையும் முன்னிட்டு, 2009இல் மறுக்கப்பட்டது. அதன்பின் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மலையைக் குடைந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்ச் சுரங்கவழி அமைத்து, 50,000 டன் காந்த இரும்பாலான கருவியை உள்ளே நிறுத்துவது திட்டம். 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை இசைவளித்தது. செலவு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்.

ஊர் கலங்கியது. அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்றனர் சிலர். வெடி வைத்தால் இடுக்கி அணை என்னாகும் என்றனர் சிலர். ஊற்று வற்றிவிடும் என்று உழவர் அஞ்சினர். முதல் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆயினும் அஃது எங்கிருந்து முளைத்தது என்பது விளங்காததன்று. பொருளுதவி புரிவோருள் அணுசக்தித் துறையும் ஒன்று. கூடங்குளம் கொந்தளித்து ஆண்டு சில தாம் ஆகியிருந்தன. மலையையே நீர்த்தாயாக எண்ணும் உழவரிடம், துகள் தீங்கற்றது என்று எத்தனை முறை சொன்னாலும் அது வேறொரு கேள்விக்கான விடையே. அவர் கேட்டது துகளைப் பற்றியன்று, வெடியையும் நீரையும் பற்றி.

அறிஞர்கள் ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் சென்று விளக்கியதுண்டு. அதனை மறைத்தல் தகாது. எனினும் இத்திட்டம் கட்டடப் பணி என்னும் பிரிவில் வைக்கப்பட்டது. அப்பிரிவுக்குச் சட்டப்படியான மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமன்று. மலையின் வயிற்றைக் குடைவது கட்டடப் பணியாம்! அறிவியலின்பால் பேரன்பு கொண்ட எனக்கும் இஃது உறுத்துகிறது.

பின்னர் நிகழ்ந்தவை வழக்குமன்றச் செய்திகள். வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறும்வரை பணி தொடங்கலாகாது என 2015 மார்ச்சில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தடுத்தது. 2017இல், கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அணித்தே இருப்பதையும் கருதி, பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு நடுவண் அரசு மீண்டும் இசைவளித்தது. 2022 பிப்ரவரியில், மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காட்டி, இத்திட்டத்துக்கு இடமளிக்க இயலாது எனத் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் உரைத்தது.

இதற்கிடையே, 50,000 டன் கருவிக்கு முன்மாதிரியாக, 85 டன் எடையுள்ள சிறு கருவியொன்றை அறிஞர்கள் மதுரையில் 2018இல் இயக்கினர். அதற்கு மலை எதுவும் குடையப்படவில்லை. தரையின் மேலேயே நிறுவினார்கள்.