யோபுவின் கதையைச் சொன்ன படைத்தலைவர்



உதயகிரிக் கோட்டை நமக்குப் புதிய இடமல்ல. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகும்போது புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. மான்களைக் காட்டுவதற்கென்று பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறோம். ஆனால் உள்ளே, மரங்களுக்கிடையே சிதைந்து நிற்கும் சிற்றாலயத்துக்குள் நுழைந்து, அங்குள்ள கல்லறைகளுக்கு முன் நின்று செபித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அங்கே துயில்கிறவர் யுஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய். வடக்குப் பிரான்சின் அராஸ் நகரத்துக்காரர், கத்தோலிக்கர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, மிளகு வணிகத்துக்காக மூண்ட போரில் நம் கடற்கரைக்கு வந்தார். 1741 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது. அந்த வெற்றியின் நினைவுத்தூண் இன்றும் குளச்சலில் நிற்கிறது. டிலனாய் கைதியானார்.

அதற்குப் பின் நடந்ததை நம் ஊர்ப் பிள்ளைகள் பாடத்திலேயே படித்திருப்பார்கள். தோற்ற படையின் அதிகாரியையே மன்னர் தம் படைக்குப் பயிற்சி தரவைத்தார். டிலனாய் வீரர்களுக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி அளித்தார், உதயகிரியில் பீரங்கி வார்க்கும் உலை அமைத்தார், வட்டக்கோட்டையைச் சீர்ப்படுத்தினார். காலப்போக்கில் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரானார். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தார்கள். பெரிய தளபதி என்று பொருள்.

ஆனால் நம் திருச்சபை அவரை நினைவுகூர்வது பீரங்கிக்காக அல்ல. ஓர் உரையாடலுக்காக.

அரண்மனைப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை அவருடைய நண்பர். ஒருகட்டத்தில் நீலகண்டரின் குடும்பத்தில் துன்பம்மேல் துன்பம் வந்தது. மாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட டிலனாய், யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்த பின்னும் கடவுளை விட்டு அகலாத ஒரு மனிதரின் கதை. சொன்னவர் குருவோ வேதியரோ அல்ல, ஒரு படைவீரர். குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் படித்துவிட்டு வந்து நாம் ஆற்றும் மறையுரைகளில் எத்தனை இவ்வளவு பலன் தந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கிறது.

டிலனாய் நண்பரை வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே 1745 மே 14-ஆம் நாள் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் கையால் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமான தேவசகாயம் அவர் பெயராயிற்று. மீதிக் கதை நமக்கு மனப்பாடம்: 1749-இல் கைது, விலங்கு, எருமைமீது ஏற்றி ஊர் ஊராக அவமானம், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் துப்பாக்கிச் சூடு.

இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். தண்ணீருக்குத் தவித்த தேவசகாயம் செபித்து முழங்கையால் இடிக்க, பாறை நீர் சுரந்தது என்று நம் மக்கள் போற்றும் முட்டிடிச்சான் பாறை எங்கே இருக்கிறது? அதே புலியூர்க்குறிச்சியில். கோட்டையிலிருந்து நடந்தே போகலாம். நண்பர் வதைபட்டது டிலனாயின் வாசலுக்கு வெளியே என்றே சொல்லலாம். தண்டனை விதித்தது அவர் உப்பைத் தின்ற அரசு. அவர் பதவியை விடவில்லை. அதற்குப் பின் இன்னும் 25 ஆண்டுகள் அதே அரசுக்குப் பணி செய்தார்.

ஏன் வாளைக் கீழே வைக்கவில்லை என்ற கேள்வி நமக்குள் எழத்தான் செய்கிறது. எழட்டும், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பிட அவசரப்படவும் வேண்டாம். அவர் போரில் பிடிபட்டு வந்த அந்நியர். மனைவி மார்கரீத்தாவும் மகன் யோவானும் அந்தக் கோட்டை மதிலுக்குள் இருந்தார்கள். தேவசகாயம் சுடப்பட்ட நாளில் அந்தச் சிறுவனுக்கு ஆறேழு வயதுதான். சம்பளத்துக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வந்த நாள்கள் நம் குடும்பத் தலைவர்களுக்கும் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு இப்பால் அமர்ந்திருக்கும் நமக்கு அது தெரியும்.

அந்த மகன் வளர்ந்து தந்தையைப் போலவே படையில் சேர்ந்தான். 1765-இல் களக்காட்டில் நடந்த போரில் மாண்டான். இருபது வயதுகூட நிரம்பவில்லை. குமரியிலிருந்து களக்காட்டுக்குப் போக ஆரல்வாய்மொழிக் கணவாய்தான் இயல்பான வழி. அந்தக் கணவாயைப் பார்த்து நிற்பது காற்றாடி மலை. நண்பருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர், இருபது ஆண்டுகள் கழித்துத் தாமே யோபுவாக உட்காரவேண்டி வந்தது. கோட்டை ஆலயத்திலேயே மகனை அடக்கம் செய்தார்.

டிலனாய் 1777 சூன் 1-ஆம் நாள் இறந்தார். இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த அவருடைய கல்லறை, வழிப்போக்கரை நிற்கச் சொல்லி, ஏறக்குறைய 37 ஆண்டுகள் அரசருக்கு உண்மையோடு ஊழியம் செய்தவர் இவர் என்கிறது. காயங்குளம் முதல் கொச்சிவரை உள்ள அரசுகளை ஆயுத வலிமையாலும் அச்சத்தாலும் பணியவைத்தார் என்றும் புகழ்கிறது. சிலுவையின் நிழலில் கிடக்கும் கல்லில் அந்த 'அச்சம்' என்ற சொல்லை நம்மால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அந்தக் காலத்தில் அதுவே பெருமை. தேவசகாயத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1777-இல் அரசர் கோட்டைக்குள் வைக்கும் கல்லில் எப்படி இருக்கும்? அந்தப் பெயரை 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் வரிசையில் வாசித்தார்.

நம் பங்கில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். பனிமலையிலும் பாலைவனத்திலும் காவல் நின்றுவிட்டு, இப்போது அதிகாலைத் திருப்பலிக்கு நமக்கு முன்பே வந்து கோயில் கதவு திறக்கக் காத்திருக்கிறவர்கள். சென்ற ஆண்டு அவர்களோடு உதயகிரிக்குப் போயிருந்தோம். தளபதியின் கல்லறையைச் சுற்றி எல்லாரும் நின்று செபமாலை சொன்னோம். முடிந்ததும் அவர்களில் மூத்தவர், கார்கில் போரில் தம் படைப்பிரிவின் இளைஞர்களைப் பறிகொடுத்தவர், மெல்ல நகர்ந்து மகனின் கல்லறைக்கு முன் போய் நின்றார். நெடுநேரம் நின்றார். வண்டிக்கு நேரமாயிற்று என்று நாம் கூப்பிடவில்லை.

வருகிற சூன் முதல் நாள் மீண்டும் போகிறோம். வர விரும்புகிறவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இம்முறை முட்டிடிச்சான் பாறையில் தொடங்கி, கோட்டைவரை நடந்தே செல்வோம்.