சங்கத் தேர்தலில் யாருக்கு வாக்கு? பதிவேட்டிலேயே தொடங்கும் வழக்கு

சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கத் திருப்பூரின் பனியன் தொழிலாளி ஒருவருக்கு 18 வயதும் வாக்காளர் பட்டியலில் பெயரும் போதும். அவரே தொழிற்சங்கத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாக்களிக்க வேண்டுமெனில், சங்கத்தின் விதிகள் அவரை உறுப்பினராக ஏற்றிருக்க வேண்டும். சந்தா நிலுவை இருக்கக் கூடாது. உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அப்பதிவேடு பெரும்பாலும், மீண்டும் போட்டியிடும் நிர்வாகியின் கையில்தான் இருக்கிறது.

இதன் விளைவைத் தமிழகம் முழுவதும் கண்டது தென்னிந்திய நடிகர் சங்க வழக்கில். ஊடகங்கள் அதை நட்சத்திரங்களின் மோதலாகவே காட்டின; சட்ட மாணவர்கள் வேறு விதமாகப் படிக்க வேண்டிய வழக்கு அது. வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக 61 உறுப்பினர்கள் முறையிட, சங்கங்களின் பதிவாளர் தேர்தலை நிறுத்தினார். உயர் நீதிமன்றத்தின் அனுமதியுடன் 2019 ஜூன் 23 அன்று வாக்குப்பதிவு நடந்தது. வாக்குகளை எண்ணத் தடை நீடித்தது. 2020 ஜனவரியில் தனி நீதிபதி தேர்தலையே ரத்து செய்தார். 2022 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நீக்க, மார்ச் 20 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. மூன்றாண்டுப் பதவிக்கான தேர்தலின் முடிவை அறியவே ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு. புகழும் பொருளும் உள்ளோர்க்கே இந்நிலை.

எங்கே முறையிடுவது என்பதில்தான் பலர் காலத்தை இழக்கின்றனர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவான சங்கத்தில் இரு அணிகளும் தாமே வென்றதாகப் படிவம் 7-ஐத் தாக்கல் செய்தால், யார் உண்மையான நிர்வாகி எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் மாவட்டப் பதிவாளருக்கு இல்லை. உரிமையியல் நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும். சி.எம்.எஸ். இவாஞ்சலிக்கல் சுவி டேவிட் நினைவு மேல்நிலைப்பள்ளிக் குழு வழக்கில் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இதுவே. கூட்டுறவுச் சங்கத்துக்கு நிலை வேறு: 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்கீழ் கூட்டுறவுப் பதிவாளரிடம் செல்ல வேண்டும்.

தொழிற்சங்கங்களைப் பொறுத்தவரை, 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் தகராறுகளுக்கெனத் தனி மன்றம் எதையும் வகுக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அவற்றைத் தொழில் தீர்ப்பாயத்துக்கு மாற்றியுள்ளது. அத்தொகுப்பின் பிற பகுதிகள் தொழிலாளர்க்குக் கேடானவை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எனினும் அதன் 22-ஆம் பிரிவின்படி, உறுப்பினராகச் சேர்க்க மறுக்கப்பட்ட தொழிலாளியும் தீர்ப்பாயத்தை நாடலாம். இது தலித் தொழிலாளர் பயன்படுத்த வேண்டிய வழி. சேர்க்கை மறுப்பை நீதிமன்றங்கள் எப்போதும் பாகுபாடாகக் கண்டதில்லை. பார்சிகளை மட்டுமே உறுப்பினராக ஏற்கும் அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை 2005-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சாதிவாரிக் குடியிருப்புகள் நிறைந்த நாட்டில் அத்தீர்ப்பு யாருக்குப் பயன்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

திருப்பூரில் சிக்கல் இன்னும் நுட்பமானது. பவர் டேபிள் டெய்லர் ஒருவர் பீஸ் ரேட்டுக்காக ஆண்டுக்குள் மூன்று கம்பெனி மாறுவது இயல்பு. தொழில் முழுமைக்குமான சங்கத்தில், அதே தொழிலில் இருக்கும்வரை அவர் உறுப்பினரே. ஒரே நிறுவனத்துக்கான சங்கமெனில் கம்பெனி மாறியதையே காரணம் காட்டிப் பெயரை நீக்கிவிடலாம்.

சந்தாவும் அப்படியே. நாங்கள் நடத்திய ஒரு வழக்கில், கைமடி வேலை பார்க்கும் அருந்ததியப் பெண்கள் சிலர் நிலுவைதாரர் என நீக்கப்பட்டிருந்தனர். அவர்கள் பணம் செலுத்தியவர்கள். ஊருக்குள் வசூலித்த சந்தாவுக்கு ரசீது; காலனியில் வசூலித்ததற்கு நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு. விசாரணையின்போது அந்த நோட்டு கிடைக்கவில்லை. கைப்பேசி வழியே பணம் அனுப்பியிருந்த இருவரின் பெயர்கள் மட்டுமே மீண்டும் சேர்ந்தன. மற்றவர்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவில்லை.

ஆகவே தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். விதிநூலின் நகலையும் உறுப்பினர் பட்டியலையும் எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால், பதிவாளரிடம் தாக்கலான ஆவணங்களின் நகலைக் கட்டணம் செலுத்திப் பெறுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் வாக்குப்பதிவுக்கு முன்பே ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் ஆட்சேபம் அனுப்புங்கள். முடிவு வந்தபின் எழுப்பப்படும் ஆட்சேபத்தைத் தோற்றவரின் புலம்பலாகவே எதிர்த்தரப்பு வாதிடும். ஐந்து ரூபாய்ச் சந்தாவுக்கும் ரசீது கேளுங்கள். தராவிட்டால் கைப்பேசி வழியே அனுப்புங்கள்.