பெரிய நிலையமும் சின்ன நிலையமும்: தர்மபுரியில் ஓர் ஒப்பீடு

தர்மபுரி மாவட்டத்து விவசாயி நாள்தோறும் பார்ப்பது 33/11 கிலோவோல்ட் துணை மின் நிலையத்தை. அவர் போர்வெல் மோட்டாருக்கான மின்சாரம் அங்கிருந்து புறப்பட்டு, டிரான்ஸ்பார்மரில் 415 வோல்ட்டாக இறங்கி வருகிறது. இதே மாவட்டத்தில் பவர்கிரிட் நிறுவனத்தின் 765/400 கிலோவோல்ட் நிலையமும் உண்டு. தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் உயர்மின் பாதை இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து கர்நாடகத்தின் மதுகிரிக்குப் பாதை செல்கிறது. இரண்டும் செய்வது மின்னழுத்தத்தை மாற்றும் வேலைதான். ஆனால் அவற்றின் கடமைகள் வேறு.

முதல் வேறுபாடு தூரம். ஒரே அளவு மின்திறனை 765 கிலோவோல்ட்டுக்குப் பதில் 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால், மின்னோட்டம் ஏறத்தாழ 70 மடங்காகும். கம்பி சூடாகி வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அதே கம்பியில் இழப்பு 4,800 மடங்கைத் தாண்டும். தென்கோடியில் காற்றாலைகள் சுழலும் மாதங்களில் அந்த மின்சாரத்தை வடக்கே கொண்டுசெல்லப் பெரிய நிலையம் வேண்டும். அதை ஊருக்குள் பிரித்துக் கொடுக்கச் சின்ன நிலையம் வேண்டும்.

இரண்டாவது, நோய். நீண்ட உயர்மின் பாதையில் நள்ளிரவில் சுமை குறைந்தால் மின்னழுத்தம் ஏறிவிடும். ரியாக்டர்களைக் கொண்டு அதை அடக்குகிறார்கள். சின்ன நிலையத்தின் நோய் நேர்மாறானது. எல்லாத் தோட்டங்களிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் பாதையின் கடைசியில் இருப்பவருக்கு வோல்டேஜ் இறங்கும். மோட்டார் உறுமும், விட்டால் காயில் கருகும்.

மூன்றாவதுதான் முக்கியமானது: பழுது. உயர்மின் கட்டமைப்பைத் திட்டமிடும்போதே, ஒரு பாதையோ ஒரு டிரான்ஸ்பார்மரோ விழுந்தாலும் மற்றவை சுமையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாங்குதிறன் குலைந்தால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் கண்டது. தெற்குக் கட்டமைப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணையாததால் தப்பியது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை தெற்கையும் தேசியக் கட்டமைப்போடு இணைத்தது. அன்றுமுதல் நமது பெரிய நிலையங்களின் பொறுப்பு நாடு தழுவியதானது.

கிராமத்து 11 கிலோவோல்ட் பாதையோ பெரும்பாலும் ஒற்றை வழி. புளியமரக் கிளை ஒன்று விழுந்தால் அதற்கப்பால் உள்ளவர்களுக்கு மின்சாரம் இல்லை. லைன்மேன் மழையில் நனைந்தபடி கம்பம் கம்பமாகத் தேட வேண்டும்.

ஆக, பெரிய நிலையத்தின் வலிமை அதன் 765 என்ற எண்ணில் இல்லை; ஒரு வழி அடைபட்டால் திறந்திருக்கும் இன்னொரு வழியில் இருக்கிறது. அந்த வலிமைக்காகத் தங்கள் நிலத்தில் கோபுரம் நிற்க இடம் கொடுத்தவர்கள் மேற்கு மாவட்டங்களின் விவசாயிகள். நியாயமான இழப்பீடு கேட்டு அவர்கள் போராட வேண்டியிருந்தது. இழப்பீடு அவர்கள் உரிமை. அதோடு, அவர்கள் ஊர்ப் பாதைக்கும் இரண்டாவது வழி ஒன்று அமைத்துத் தருவதே அந்த நிலத்துக்கு நாம் செலுத்தும் மரியாதை.