பின்கோடுக்கு ஒரு படைப்பாளர்: யூனிலீவரின் அறிவிப்பும் செல்வாக்கை அளக்கும் சிக்கலும்

2025 மார்ச்சில் யூனிலீவரின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஃபெர்னாண்டோ ஃபெர்னாண்டஸ், விளம்பரச் செலவில் சமூக ஊடகத்தின் பங்கை 30 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தப்போவதாகவும், முன்பைவிட 20 மடங்கு இன்ஃப்ளூயன்சர்களோடு இணையப்போவதாகவும் சொன்னார். இந்தியாவின் 19,000 பின்கோடுகள் ஒவ்வொன்றிலும் பிரேசிலின் நகராட்சிகள் ஒவ்வொன்றிலும் ஒருவராவது வேண்டும் என்பது அவர் கணக்கு. இதைப் பெருஞ்செலவுத் திட்டம் என்று மட்டும் வாசித்தால் போதாது. சரியான ஆளைத் தேடிப் பிடிக்கும் முயற்சியைப் பெருநிறுவனம் ஒன்று பாதியில் கைவிட்டதன் அடையாளம் அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்று தேர்வு எப்படி நடக்கிறது? ஏஜென்சி ஒன்று மென்பொருளின் துணையோடு பட்டியல் போடுகிறது. ஃபாலோயர் எண்ணிக்கை, லைக்கும் கமெண்டும் சேர்ந்த ஈடுபாட்டு விகிதம், பார்வையாளர்களின் ஊர், வயது, பாலினம், பழைய பதிவுகளில் வம்பு ஏதும் உண்டா, போட்டி பிராண்டுக்கு வேலை செய்தவரா, ஒரு ரீல்ஸுக்கு என்ன கேட்கிறார் என்று வடிகட்டி, மிஞ்சுவோரை பிராண்ட் மேலாளரிடம் அனுப்புகிறது. இவ்வளவு வடிகட்டலுக்குப் பிறகும் ஃபாலோயர் எண்ணிக்கையே முதல் கட்டத்தில் வந்து உட்காருவது ஏன்? விற்பனையை முன்கூட்டிச் சொல்வதால் அல்ல. விளம்பரம் சொதப்பினால் மேலதிகாரியிடம் காட்ட அந்த எண் கைவசம் இருக்கும். பத்து லட்சம் பேர் பின்தொடரும் ஒருவரைத் தேர்ந்தெடுத்த மேலாளரை யாரும் குறை சொல்வதில்லை. எட்டாயிரம் பேர் பின்தொடரும் ஒருவரை ரசனையின் பேரில் தேர்ந்தெடுத்தவர் விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும்.

அளவுகோலே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருக்காது என்ற, குட்ஹார்ட் பெயரால் வழங்கும் விதிக்கு இத்துறையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எண்ணுக்குக் காசு என்றானதும் எண்ணையே விற்கும் கடைகள் முளைத்தன. டெவுமி என்ற அமெரிக்க நிறுவனம் போலி ஃபாலோயர்களை விற்றதை 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு ஜூனில், யூனிலீவரின் அன்றைய விளம்பரத் தலைவர் கீத் வீட், ஃபாலோயர்களை விலைக்கு வாங்குவோரோடு இனி வேலையில்லை என்று கான் விளம்பர விழாவில் அறிவித்தார். அப்போதைய நிலைப்பாடு எளிமையானது: கள்ளரைக் களைந்தால் நல்லவர் மிஞ்சுவர், தேர்வு செம்மையாகும். ஏழு ஆண்டுகளில் அதே நிறுவனம் 19,000 பேர் பக்கம் திரும்பியிருக்கிறது.

இந்தத் திருப்பத்துக்கு ஆய்வுலகில் ஆதரவு உண்டு. பக்ஷி, ஹாஃப்மன், மேசன், வாட்ஸ் நால்வரும் 16 லட்சம் டுவிட்டர் பயனர்களின் பதிவுகள் எப்படிப் பரவின என்று ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை, சராசரியாகப் பார்த்தால் அதிக ஃபாலோயர் உள்ளவர்களும் முன்பு பரப்பிக் காட்டியவர்களும் மேலும் பரப்புகிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அடுத்த முறை எந்தத் தனி ஆள் பரப்புவார் என்பதை நம்பகமாகக் கணிக்க முடியவில்லை. செலவையும் சேர்த்துப் பார்க்கையில், பல சூழல்களில் சாதாரண ஆட்கள் பலரைப் பிடிப்பதே மலிவு என்றும் அது காட்டியது. ஒருவரைக் கணிக்க முடியாதபோது பலர் மீது பந்தயம் கட்டுவது புத்திசாலித்தனம்தான்.

ஆனால் பரவுவது வேறு, நம்பப்படுவது வேறு. இந்த வேறுபாட்டை யூனிலீவரின் இந்தியக் கிளை தன் வரலாற்றிலிருந்தே கற்றிருக்கலாம். 2000களின் தொடக்கத்தில் நல்கொண்டா மாவட்டத்தில் அது தொடங்கிய சக்தி திட்டம், கிராமத்துப் பெண்களைச் சோப்பும் ஷாம்பூவும் விற்பவர்களாக்கியது. ஆள் சேர்ந்தது மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாக. அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டியதையும், கூட்டத்துக்கு வந்ததையும் வராததையும் பார்த்திருந்த பெண்களுக்கிடையிலிருந்து ஒருத்தி வந்தாள். நிறுவனம் செய்ய முடியாத விசாரணையை ஊர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தது. பின்கோடு அப்படிப்பட்ட வடிகட்டி அல்ல. அது அஞ்சல் துறையின் எல்லை. அந்த எல்லைக்குள் வசிப்பவரின் ரீல்ஸை, அல்காரிதம் அடுத்த மாநிலத்துக்காரருக்கும் காட்டும். பக்கத்துத் தெருக்காரர் கண்ணில் படாமலே போகலாம்.

பரவலுக்கும் நம்பிக்கைக்கும் நடுவிலான இந்த இடைவெளியின் சுமை படைப்பாளர் தலையிலும் விழுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் முதல் தவறுக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விளம்பரத்தில் சொன்னதை உரிய முறையில் சரிபார்த்திருந்தால் மட்டுமே தப்பலாம். பெட்டி நிறையப் பொருள்களைக் கூலியாகப் பெறும் சிற்றூர்க்காரர், ஷாம்பூவின் வேதியியலை எங்கே போய்ச் சரிபார்ப்பார்?

பின்கோடு முறைக்கு வலுவான நியாயம் ஒன்றே தெரிகிறது, அதுவும் என் ஊகம்தான்: பின்கோடு வாரியாகக் கடை விற்பனையைக் கணக்கிட முடியும். படைப்பாளர் இருக்கும் பின்கோடின் விற்பனையை இல்லாத பின்கோடோடு ஒப்பிட்டால், லைக்கைக் கடந்து செல்வாக்கைச் சரக்கின் கணக்கில் பார்க்கலாம். அதற்குச் சில நூறு பின்கோடுகளைக் குலுக்கல் முறையில் சில காலமாவது காலியாக விட்டுவைக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே வீச்சில் ஆள் வைத்துவிட்டால், ஒப்பிட எதுவும் மிஞ்சாது.